நாற்றப் பூச்சியும் நமது கண்ணும்



இன்று ஒரு பூச்சியைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் சிலர் சிரிக்கிறீர்கள். வயற்காட்டுத் தோழர்கள் சிரிக்கமாட்டார்கள். நெற்கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் வயலில் இறங்கினால் மூக்கைத் துளைக்குமே ஒரு நாற்றம், அந்தக் கதிர் நாவாய்ப் பூச்சிக்கு இது தூரத்து உறவு. சீண்டினால் நாறும். ஊசி போன்ற வாயைச் செலுத்திப் பழத்தையும் காயையும் உறிஞ்சும். இதன் பூர்வீகம் சீனா, ஜப்பான், கொரியா.

இது அமெரிக்காவுக்குப் போன கதைதான் நமக்கு வேண்டியது. பென்சில்வேனியா மாகாணத்தில் அல்லன்டவுன் என்னும் ஊரில் 1996 வாக்கில் வீடுகளுக்குள் இப்பூச்சி தென்படலாயிற்று. கண்டவர்கள், நம் ஊர்ப் பழுப்புப் பூச்சிதானே என்று இருந்துவிட்டார்கள். இதன் சாயலில் அந்த நாட்டிலேயே பல பூச்சிகள் உண்டு; ஆகையால் அப்படி நினைத்தது பெருங் குற்றமல்ல. ஆனால் நினைத்தது சரிதானா என்று தெரிய 5 வருஷம் பிடித்தது. 2001-ல் கார்னெல் சர்வகலாசாலைப் பூச்சியியலாளர் ரிச்சர்ட் ஹோபெக் என்பவர் பார்த்த பிறகே அது ஆசியப் பூச்சி என்பது வெளியாயிற்று. அதற்குள் அது நன்றாய்க் குடியேறிவிட்டது. 2010-ல் அந்தப் பக்கத்து ஆப்பிள் விவசாயிகளுக்கு மாத்திரம் 3 கோடியே 70 லட்சம் டாலர் நஷ்டம். மேரிலாந்தில் ஒரு வீட்டுக்காரர் 2011 ஜனவரி முதல் ஜூன் வரை தம் வீட்டுக்குள் பிடித்து எண்ணியவை 26,205! எண்ணிய பொறுமைக்கே அவரைப் பாராட்டவேண்டும். நல்ல வேளையாக அது மனிதனைக் கடிப்பதில்லை, நோயும் பரப்புவதில்லை.

சரி, எப்படி அடையாளம் காண்பது? இதற்கு ஜோசியரும் வேண்டாம், ஊர்ப் பெரியவர் வாக்கும் வேண்டாம். அரை அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட நீளம். கேடயம் போன்ற உடல். பளிங்குக் கல்லைப் போல் புள்ளி படர்ந்த பழுப்பு நிறம். இவ்வளவும் மற்றப் பூச்சிகளுக்கும் உண்டு. இத்தோடு நிறுத்தினால் ஏமாந்தோம். உணர்கொம்பைப் பாருங்கள்: கறுத்த கொம்பில் வெள்ளை வளையம் இருக்கும். வயிற்று ஓரத்தில் கறுப்பும் வெளுப்பும் மாறிமாறி வரும். தோளில் முள்ளோ பல்லோ இராது, வழவழப்பாக இருக்கும்.

தோளில் கூர்மையான முள் இருந்தால் அடிக்கக் கையை ஓங்காதீர்கள். அது அந்நாட்டிலேயே உள்ள வேறொரு பூச்சியாக இருக்கலாம். பயிரைத் தின்னும் புழுக்களைக் குத்தி உறிஞ்சுகிற, விவசாயிக்குக் கூலியில்லாத வேலைக்காரன். பழுப்பாயிருப்பதெல்லாம் பகை என்று நசுக்குகிறவன் தன் ஆளையே கொல்கிறான்.

இது பரவும் விதமும் விசித்திரமானதல்ல. குளிர் வந்தால் இடுக்குத் தேடும். பெட்டி, மூட்டை, மோட்டார் வண்டி எதற்குள்ளும் புகுந்து அசையாமல் கிடக்கும். சாமான் போகுமிடமெல்லாம் தானும் போகும். ஸ்விட்ஸர்லாந்தின் ஜூரிக்கில் 2004-லும், இத்தாலியின் மொடெனாவில் 2012-லும் அகப்பட்டது. ஜார்ஜியா நாட்டில் ஹேசல் கொட்டைத் தோப்புக்காரர்களின் வயிற்றில் அடித்தது. நியூஸிலாந்துக்காரர் விழித்துக்கொண்டார்கள், 2018-ல் ஜப்பானிலிருந்து மோட்டார் வண்டி ஏற்றி வந்த கப்பல்களில் இப்பூச்சியைக் கண்டு, கரையிறக்க விடாமல் திருப்பியனுப்பினார்கள்.

அயல்நாட்டுப் பூச்சி என்பதாலேயே அது கொடியது என்று சொல்ல வரவில்லை. சொந்த ஊரில் அதற்கு எதிரி உண்டு. இலையின் அடியில் அது ஒரு கொத்துக்கு 28 வீதம் முட்டையிடும். கண்ணுக்கு எட்டாத ஒரு சிறு குளவி அம்முட்டைக்குள் தன் முட்டையை வைத்துவிடும். பூச்சிக்குப் பதில் குளவிதான் பிறக்கும். அதை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து, நாட்டுப் பூச்சிகளையும் அழிக்குமோ என்று வருஷக்கணக்காய்க் கூண்டுக்குள் வைத்துச் சோதித்தார்கள். வெளியே விட உத்தரவு வருமுன்பே, 2014-ல் மேரிலாந்தின் பெல்ட்ஸ்வில்லில் அதே ஜாதிக் குளவி வெட்டவெளியில் அகப்பட்டது. கூண்டிலிருந்து தப்பியதா என்று கேட்டார்கள். மரபணுவைச் சோதித்தார்கள்; இல்லை, அது தானாகவே வந்து சேர்ந்த வேறு கூட்டம்.