மயக்கம் வேறு, தூக்கம் வேறு

(பழைய மாணவர் சங்கமத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே பி.யூ.சி. முடித்து மருத்துவம் படிக்கப் போனவன் நான். முப்பது வருஷத்துக்கும் மேலாக மயக்க மருந்து கொடுப்பதுதான் என் தொழில். "நீ பேசினாலே தூக்கம் வரும், மருந்து எதுக்குடா?" என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். இருக்கட்டும். நம் செட்டில் பாதிப்பேர் கண்புரை, மூட்டு, எண்டோஸ்கோப்பி என்று ஆஸ்பத்திரிப் படி ஏறுகிற வயதுக்கு வந்துவிட்டோம். அதனால் இந்த விஷயம் எல்லோருக்கும் வேண்டியதுதான்.

"டாக்டர், ஊசி போட்டா மூளை தூங்கிடுமா?" என்று கேட்காதவர் இல்லை. தூங்குகிறவரைத் தட்டினால் எழுந்துவிடுவார். முழு மயக்கத்தில் இருப்பவர் கத்தி பட்டாலும் எழமாட்டார். அப்படியானால் மூளை நின்றுவிடுகிறதா? அதுவும் இல்லை.

இதைப் பார்க்க இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று இ.இ.ஜி. ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர் 1929இல் வெளியிட்ட முறை. தலையில் மின்முனைகளை வைத்து மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்வது. மற்றது எஃப்.எம்.ஆர்.ஐ. ரத்தத்திலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு மூளையின் வேலையைப் படம் பிடிக்கலாம் என்று ஜப்பானியரான செய்ஜி ஒகாவா 1990இல் காட்டிய வழி.

மயிலாப்பூர் தெரு ஒன்றில் கல்யாணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருமுனையில் நின்றாலே மேளச்சத்தம் உடனே கேட்கும். எந்த வீடு என்று தெரியாது. அது இ.இ.ஜி. தண்ணி லாரி நிற்பதைப் பார்த்தால் வீடு தெரிந்துவிடும். ஆனால் லாரி தாமதமாகத்தான் வரும். அது எஃப்.எம்.ஆர்.ஐ. இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்தால் எப்போது, எங்கே என்று இரண்டும் தெரியும். சொல்வது சுலபம். ஸ்கேன் காந்தம் கிளப்பும் இரைச்சலில் மின்னலை மூழ்கிப் போகும். கணக்குப் போட்டு அதை வடிகட்டி எடுக்க வேண்டும்.

அப்படி ஒரு ஆய்வை ஆக்ஸ்ஃபோர்டு குழு 2013இல் வெளியிட்டது. 16 தன்னார்வலர்களுக்குப் பால்போல வெள்ளையாக இருக்கும் புரோபோஃபால் மருந்தை மெல்ல மெல்ல ஏற்றினார்கள். ஒரு கட்டத்தில் அவர்கள் பதில் தருவதை நிறுத்தினார்கள். ஆனால் ஒலியும் வலியும் மூளைக்குள் போய்க்கொண்டுதான் இருந்தன! மருந்து ஏற ஏற மெதுவான அலைகள் பெருகி, இதற்கு மேல் ஏறாது என்ற எல்லையைத் தொட்டன. அதற்குப் பிறகுதான் மூளையின் சந்திப்பு நிலையமான தலாமஸும் புறணியும் வெளியுலகச் செய்தியிலிருந்து துண்டிக்கப்பட்டன.

மெதுவான அலை என்ன செய்கிறது? ரங்கநாதன் தெருவில் ஆயிரம் பேர் தனித்தனியாகப் பேசிக்கொள்வது விழித்த மூளை. அத்தனை பேரும் ஒரே தாளத்தில் கைதட்டினால்? சத்தம் பெரிசுதான், ஆனால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது.

இதிலிருந்து நமக்கு என்ன? பதில் வரவில்லை என்பதும் செய்தி போய்ச் சேரவில்லை என்பதும் ஒன்றல்ல. மயக்கத்தில் இருக்கும் அம்மாவின் கட்டிலருகே, "இனிமே தேறமாட்டாங்க" என்று பேசாதீர்கள். மிடசோலம் போன்ற மருந்தில் நோயாளி நன்றாகவே பதில் பேசுவார், பிறகு ஒன்றும் ஞாபகம் இருக்காது. ஆகையால் அன்றைக்கு வண்டி ஓட்ட வேண்டாம், பத்திரத்தில் கையெழுத்து வாங்கவும் வேண்டாம். ராத்திரி தூக்க மாத்திரை, மது எதுவானாலும் மயக்க மருத்துவரிடம் ஒளிக்காதீர்கள். அவர் அளவு போடுவது அதை வைத்துத்தான். வயதான மூளைக்குக் குறைந்த மருந்தே போதும். மூச்சைக் கவனிக்க ஆள் இல்லாத இடத்தில் இம்மருந்துகள் ஆபத்து. 2009இல் மைக்கேல் ஜாக்சன் உயிரைப் பறித்தது இதே புரோபோஃபால்தான்.

மாணவர்களே, மருத்துவர்கள் மட்டும் செய்கிற வேலை இல்லை இது. காந்தத்துக்கு பௌதிகம், இரைச்சலைப் பிரிக்கக் கணிதம், மருந்துக்கு வேதியியல் வேண்டும். அடையாறுக்குப் பக்கத்தில் ஐ.ஐ.டி.யிலேயே 2022இல் மூளை ஆய்வு மையம் ஒன்று தொடங்கப்பட்டிருக்கிறது. நினைவு எப்படிப் போகிறது, எப்படித் திரும்புகிறது என்ற கேள்விக்கு முழு விடை இன்னும் கிடைக்கவில்லை. உங்களில் யாராவது கண்டுபிடித்தால், அடுத்த சங்கமத்தில் நீங்கள் பேசுங்கள். நான் முன்வரிசையில் விழித்திருந்து கேட்கிறேன்.