கட்டவிழ்ந்த நொதி: ஒரு ரத்தப் புற்றுநோயின் வரலாறு



வேதியியல் ஆசிரியர் ஒருவரின் நினைவுச் சொற்பொழிவு இது. எனவே ஒரு வேதிவினையிலிருந்து தொடங்குவதே முறை. நம் செல்களில் ஏ.டி.பி. என்ற மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டைப் பெயர்த்தெடுத்து, இன்னொரு புரதத்தின்மீது ஏற்றிவைக்கும் நொதிகள் உண்டு. இவையே புரத கைனேஸ்கள். பாஸ்பேட் ஏறினால் புரதத்தின் வடிவம் மாறும். வடிவம் மாறினால் வேலை மாறும். ஓய்ந்திருக்கும் தசையில் சர்க்கரைச் சேமிப்பை உடைக்கும் நொதி எப்படி விழித்துக்கொள்கிறது என்று 1950-களில் சியாட்டிலில் ஆராய்ந்த எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும்தான் இதை முதலில் தெளிவாகக் கண்டவர்கள். 1992-இல் நோபல் பரிசு பெற்றார்கள். அவர்கள் தேடியது தசையின் இரகசியத்தை. புற்றுநோய் அவர்கள் கேள்வியிலேயே இல்லை.

மனித மரபணுத் தொகுதியை 2002-இல் அலசியவர்கள் 518 கைனேஸ்களைப் பட்டியலிட்டார்கள். ‘பிரிந்து பெருகு’ என்று செல்லுக்கு வரும் கட்டளை பெரும்பாலும் இவற்றின் வழியேதான் கடத்தப்படுகிறது. கட்டளை வந்தபோது செயல்படுவதும் முடிந்தபின் அடங்குவதும் ஒரு நல்ல கைனேஸின் இலக்கணம். அடங்கத் தவறிய ஒன்றைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

சி.எம்.எல். என்று மருத்துவமனைகளில் சுருக்கமாகச் சொல்லும் நாள்பட்ட ரத்தப் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். இடது விலாவுக்குக் கீழே ஒரு பாரம், இரண்டு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்த உணர்வு, விட்டுவிலகாத சோர்வு. மருத்துவர் அழுத்திப் பார்த்தால் மண்ணீரல் சிலருக்குத் தொப்புள்வரை இறங்கியிருக்கும். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 4,000 முதல் 11,000 வரை இருக்க வேண்டிய வெள்ளையணுக்கள் 2 லட்சம், 3 லட்சம் என்று ஏறியிருக்கும். எலும்புமச்சை மாற்றுச் சிகிச்சைக்கு வழியில்லாதவர்களில் பலரை நான்கைந்து ஆண்டுகளில் கொண்டுபோய்விடும் நோயாகவே இது வெகுகாலம் இருந்தது.

1960-இல் ஃபிலடெல்ஃபியாவில் பீட்டர் நோவெலும் டேவிட் ஹங்கர்ஃபோர்டும் இந்த நோயாளிகளின் செல்களில் ஒரு குரோமோசோம் வழக்கத்தைவிடக் குட்டையாக இருப்பதைக் கண்டார்கள். அந்த ஊரின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. விடுபட்ட துண்டு எங்கே போயிற்று? விடை கிடைக்கப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. சிகாகோவில் ஜேனட் ரௌலி குரோமோசோம் புகைப்படங்களை வீட்டுக்கு எடுத்துவந்து, சாப்பாட்டு மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாகக் கத்தரித்து இணைசேர்த்துப் பார்ப்பார். அம்மா காகிதப் பொம்மை வைத்து விளையாடுகிறார் என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம். 22-ஆம் குரோமோசோமில் குறைந்த துண்டு 9-ஆம் குரோமோசோமின் நுனியில் ஒட்டியிருந்ததை அந்த மேசையில்தான் கண்டுகொண்டார். அவருடைய கட்டுரை 1973-இல் வெளிவந்தது. புற்றுநோய் வளர்ந்தபின் குரோமோசோம்கள் சிதைகின்றன என்று பலர் நம்பிய காலம் அது. குரோமோசோம் மாற்றமே புற்றுநோய்க்குக் காரணம் என்று வாதிட அசாத்தியத் துணிவு வேண்டியிருந்தது.

இந்த இடமாற்றத்தில் 9-ஆம் குரோமோசோமில் இருக்கும் ஏபிஎல் என்ற கைனேஸின் மரபணு, 22-இல் இருக்கும் பிசிஆர் மரபணுவோடு போய் ஒட்டிக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்து ஒரே கலப்புப் புரதம் உருவாகிறது. இதனால் என்ன கெடுகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். என் மனத்தை மிகவும் கவர்ந்த பகுதி இதுதான். இயல்பான ஏபிஎல் தன் தலைநுனியில் ஒரு சிறு கொழுப்பு அமிலத்தைச் சுமக்கிறது. அந்த நுனி மடங்கி, அதே நொதியின் அடிப்பகுதியில் உள்ள ஒரு குழிக்குள் புகுந்து தாழ்ப்பாள் போல அதைப் பூட்டிவைக்கிறது. இது 2003-இல் தெரியவந்தது. பிசிஆர் வந்து ஒட்டும்போது அந்தத் தலைநுனியே பறிபோய்விடுகிறது. அத்துடன் பிசிஆர் பகுதிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நொதிகளைக் கூட்டாகச் சேர்க்கின்றன; சேர்ந்தவை ஒன்றன்மேல் ஒன்று பாஸ்பேட் ஏற்றித் தூண்டிக்கொள்கின்றன. வெளிக்கட்டளை எதுவும் வராமலேயே செல் பெருகிக்கொண்டே போகிறது. வெளியிலிருந்து வந்த பகைப்பொருள் எதுவும் இங்கே இல்லை. நம்முடைய நொதிதான்; அடங்கும் வழியை மட்டும் இழந்துவிட்டது. இந்தக் கலப்பு மரபணு ஒன்றே எலிகளுக்கு அந்நோயை வரவழைக்கப் போதும் என்பது 1990-இல் உறுதியாயிற்று.

அப்படியானால் அந்த ஒரு நொதியை மட்டும் அடக்கினால் போதாதா? போதும் என்று நம்பியவர்கள் மிகச் சிலர். எல்லாக் கைனேஸ்களும் ஏ.டி.பி.யைப் பிடிக்கும் குழி ஏறக்குறைய ஒரே மாதிரி. ஒன்றை அடைத்தால் நூற்றை அடைத்து உடலையே முடக்கிவிடுவோம் என்பது அன்றைய எதிர்வாதம். பாசலில் சீபா-கைகி நிறுவனத்தின் நிக் லைடன், யூர்க் சிம்மர்மன் குழுவினரும் ஓரிகனில் பிரையன் டிரக்கரும் விடவில்லை. அவர்கள் கண்ட இமாடினிப் என்ற மருந்து, ஏபிஎல் செயலற்று மடங்கியிருக்கும் வடிவத்தோடு பொருந்தி, அதை அந்த நிலையிலேயே நிறுத்திவைக்கிறது. செயல்படும் வடிவத்தில் கைனேஸ்கள் ஒன்றுபோல் இருந்தாலும், ஓய்ந்திருக்கும் வடிவத்தில் வேறுபடுகின்றன. மற்ற பெரும்பாலான கைனேஸ்கள் தப்பியது அதனால்தான். 1998-இல் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 300 மில்லிகிராமும் அதற்கு மேலும் உட்கொண்ட 54 பேரில் 53 பேருக்கு ரத்த அணுக்கள் இயல்புநிலைக்குத் திரும்பின. 2001 மே மாதம் அமெரிக்கா அனுமதி அளித்தது. முதல் மருந்தாக இதை உட்கொண்டவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, பத்தாண்டு கடந்தும் உயிரோடு இருந்தவர்கள் 83 விழுக்காடு.

நோயும் சும்மா இருக்கவில்லை. சிலருக்கு மாத்திரை பலிப்பது நின்றது. ஏபிஎல்லின் 315-ஆம் இடத்தில் இருக்க வேண்டிய திரியோனினுக்குப் பதிலாக ஐசோலூசின் அமர்ந்திருந்தது. மரபணுவில் ஒரே ஓர் எழுத்தின் பிழை. மருந்து ஒட்டிக்கொள்ளும் பிடி போய்விட்டது. பின்னர் வந்த மருந்துகளில் 2021-இல் அனுமதி பெற்ற அசிமினிப் எனக்கு நெகிழ்வைத் தருகிறது. அது ஏ.டி.பி. குழிப் பக்கமே போவதில்லை. பறிபோன தலைநுனி பொருந்த வேண்டிய அந்தப் பழைய குழியிலேயே போய் அமர்கிறது. நொதி தன்னைத் தானே அடக்கிக்கொண்டிருந்த வழியை வேதியியல் மீட்டுக்கொடுத்திருக்கிறது.

மருந்து கண்டால் போதாது, கைக்கு எட்ட வேண்டும். அந்தப் போராட்டத்தின் முக்கியமான ஒரு கட்டம் நம் சென்னையில் நடந்தது. இமாடினிப்பின் ஒரு படிக வடிவத்துக்கு, சீபா-கைகியின் வழிவந்த நோவார்ட்டிஸ் நிறுவனம் கேட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-இல் மறுத்தது. அதற்கு அடிப்படையான சட்டப்பிரிவை எதிர்த்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007-இல் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் காப்புரிமை இல்லை என்று முடித்துவைத்தது. மாதம் சுமார் 1,20,000 ரூபாய் விலையுள்ள மருந்தை உள்நாட்டு நிறுவனங்கள் ஏறத்தாழ 10,000 ரூபாய்க்குத் தந்துகொண்டிருந்தன. ஆராய்ச்சிக்குச் செலவிட்டவருக்கு ஊதியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆயுள் முழுக்க உண்ண வேண்டிய மாத்திரைக்கு அந்த விலை என்றால், நம் குடும்பங்களில் எத்தனை அதைத் தாங்கும்?

ஆயுள் முழுக்கவா என்ற கேள்விக்கும் இப்போது பதில் மாறிவருகிறது. இரண்டாண்டுக்கு மேல் ரத்தத்தில் பிசிஆர்-ஏபிஎல் தடயமே தென்படாத 100 பேருக்குப் பிரெஞ்சு மருத்துவர்கள் மருந்தை நிறுத்திப் பார்த்தார்கள். ஏறக்குறைய 40 பேருக்கு நோய் திரும்பவில்லை. திரும்பியவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு மீண்டும் மாத்திரை கொடுத்ததும் அடங்கியது. ஆனால் அவர்களைக் குறித்த இடைவெளியில் மூலக்கூறுச் சோதனை செய்து கண்காணித்தார்கள். இந்த அவையில் யாருக்கேனும், அவர்கள் வீட்டில் யாருக்கேனும் இந்நோய் இருந்தால் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: உடம்பு நன்றாகிவிட்டது என்று நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அந்தச் சோதனைச் சீட்டோடு உங்கள் மருத்துவரிடம் போய் உட்கார்ந்து பேசுங்கள்.