புல் ஏன் வாடிற்று?

தலைமையாசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் ஏற்காட்டில் குடியேறினேன். வீட்டின் முன்னே அருகம்புல்லால் ஒரு சிறு புல்தரை அமைத்து, காலைதோறும் அதன்மீது உலாவி வந்தேன். சில ஆண்டுகளில் அப்புல் திட்டுத் திட்டாக மஞ்சளித்து மடியத் தொடங்கிற்று. நீர் விடுவதில் குறை வைத்துவிட்டார் என்று தோட்டக்காரப் பெரியவரைக் கடிந்துகொண்டேன். "ஊற்றும் நீர் உள்ளே இறங்கவில்லை, ஐயா, மேலேயே நிற்கிறது" என்றார் அவர். அதனை நான் சாக்குப்போக்கு என்றே கொண்டேன். நீரை இருமடங்காக்கச் சொன்னேன். யூரியாவையும் அள்ளித் தூவினேன். எஞ்சிய புல்லும் கருகிற்று.

அந்நாளில் ஒருமுறை சேர்வராயன் கோயிலுக்குச் சென்றேன். ஏறத்தாழ 1,620 மீட்டர் உயரத்தில், மலைமேல் விரிந்த சமவெளியில் அமைந்த குகைக்கோயில் அது. மே மாதத் திருவிழாவின்போது மலைவாழ் மக்கள் அங்கே திரளாகக் கூடுவர். சமவெளியெங்கும் புல் செழித்திருந்தது. மக்கள் நடந்து நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதையில் மட்டும் ஒரு புல்லும் இல்லை. இரு புறத்திற்கும் மண் ஒன்று, மழை ஒன்று, வெயில் ஒன்று. வேறுபட்டது காலடி ஒன்றே!

வீடு திரும்பியதும் ஈர மண்ணில் ஓர் இரும்புக் கம்பியை ஊன்றிப் பார்த்தேன். ஓரங்களில் எளிதில் இறங்கிற்று. புல் மடிந்த இடங்களில் இறங்க மறுத்தது. அவை யாவும் நான் நாள்தோறும் உலாவிய தடங்கள்.

நல்ல மண்ணில் ஏறக்குறையப் பாதி வெற்றிடமே. அந்நுண்துளைகளில் காற்றும் நீரும் தங்குகின்றன. வேரும் சுவாசிக்கிறது, மண் இறுகினால் அதற்குக் காற்று இல்லை. தேங்கும் நீர் எஞ்சிய துளைகளையும் அடைத்துவிடும். அளவு மீறிய உரமோ வேரிலிருந்தே நீரை ஈர்த்துவிடும். 'அருகுபோல் வேரூன்றி வாழ்க' என்று மணமக்களை வாழ்த்துகிறோம். அந்த அருகுக்கும் மூச்சு வேண்டும்.

புல் வாடுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. பிடித்து இழுத்தால் பாய்போல் கையோடு வந்துவிடுமாயின், வேர்ப்புழு தின்றிருக்கலாம். மண்ணைக் கிளறிப் பாருங்கள். மர நிழல் படிந்தாலும், ஒட்ட வெட்டினாலும் அருகு மெலியும். ஒருமுறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டுதல் ஆகாது.

என் புல்தரையில் விரல் நீள ஆழத்திற்கு நெருக்கமாகத் துளையிட்டோம். சலித்த மக்கிய எருவைப் பரப்பித் துளைகளில் விழச் செய்தோம். நாள்தோறும் மேலாக நனைப்பதை விட்டு, மண் உலர்ந்தபின் ஆழமாக நீர் பாய்ச்சினோம். வெற்றிடங்களில் கணுவுள்ள அருகந்தண்டுகளை நட்டோம். நான் உலாவத் தட்டைக் கற்களைப் பதித்தோம். அடுத்த மழைக்காலத்தில் தரை மீண்டும் பசுமையுற்றது.

'செய்தோம்' என்றேன், வழி காட்டியவர் அப்பெரியவரே. பணி தொடங்குமுன் அவரிடம் சென்று, "பிழை என்னுடையது, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றேன். நாற்பதாண்டுக் காலம் பிறர் விடைகளைத் திருத்திய நான், சரியான விடையை முதல் நாளே கேட்டும் தவறு என்று அடித்துவிட்டேன். மாணவர்களே, மருந்தைத் தேடுமுன் நோயைத் தேடுங்கள்; நாள்தோறும் அருகிருந்து பார்ப்பவரை முதலில் கேளுங்கள்.