அவர்கள் என்ன பார்த்தார்கள்?



எருசலேமில் அரசாண்ட எசேக்கியா நல்ல அரசர்தான். நோயுற்றுச் சாகும் தறுவாயில் சுவர்ப்பக்கம் திரும்பி அழுது மன்றாடினார். ஆண்டவர் அவருக்கு இன்னும் 15 ஆண்டுகள் கொடுத்தார். செய்தி பாபிலோன் வரை போயிற்று. அந்நாட்டு அரசர் மடலும் அன்பளிப்பும் கொடுத்துத் தூதர்களை அனுப்பினார். நலம் விசாரிக்க வந்தவர்களுக்கு எசேக்கியா எதைக் காட்டினார்? குணமாக்கிய ஆண்டவரைப் பற்றி அவர் அப்போது ஒரு வார்த்தை பேசியதாக விவிலியத்தில் இல்லை. வெள்ளி, பொன், நறுமணப் பொருள்கள், விலையுயர்ந்த எண்ணெய், படைக்கலங்கள் என்று ஒன்று விடாமல் சுற்றிக் காட்டினார். எசாயா நூல், அதிகாரம் 39. எட்டே வசனங்கள்தான், இன்று இரவு குடும்ப செபத்தில் வாசித்துப் பாருங்கள்.

தூதர்கள் போனபின் இறைவாக்கினர் எசாயா வந்து கேட்கிறார்: என்ன சொன்னார்கள்? எங்கிருந்து வந்தார்கள்? உன் வீட்டில் என்ன பார்த்தார்கள்? "உன்னிடம் ஏன் இவ்வளவு இருக்கிறது?" என்று அவர் கேட்கவில்லை. கி.மு. 597-இல் அந்தக் களஞ்சியத்தைப் பாபிலோனியர் அள்ளிச் சென்றபோது எசேக்கியா உயிரோடு இல்லை. காட்டியவர் ஒருவர், விலை கொடுத்தவர்கள் அவருடைய வழிவந்தவர்கள்.

நாம் காட்டுவதற்கும் வேறு யாரோதான் விலை கொடுக்கிறார்கள். ஒரு திருமணத்தில் பெண்ணுக்கு எத்தனை பவுன் போட்டோம் என்பதைப் பந்தியில் சொல்கிறோம். அதே தெருவில் அடுத்த மாதம் பெண்ணைக் கட்டிக்கொடுக்க வேண்டிய தகப்பனும் அந்தப் பந்தியில் அமர்ந்திருக்கிறார். அவர் இலையைப் பார்த்தபடியே எழுந்து போகிறார். மறுநாள் வட்டிக்குக் கடன் கேட்டு நிற்கிறார். நாம் அவரிடம் ஒரு ரூபாய்கூடப் பறிக்கவில்லை. ஆனாலும் அந்தக் கடனில் நமக்குப் பங்கு உண்டு.

குருக்களாகிய நாங்களும் தப்ப முடியாது. நன்கொடைப் பட்டியலைத் தொகையோடு வாசித்தால் அடுத்த வாரம் வசூல் கூடும் என்பது எங்களுக்கு நன்றாகவே தெரியும். மின்விசிறியின் இறக்கையில் எழுதிய பெயர் அது சுற்றும்போது தெரியாது என்பதால், பூசை அறிவிப்பிலும் ஒருமுறை சொல்லச் சொன்ன அன்பர்கள் உண்டு. நாங்களும் சொன்னோம். ஆனால் திருநீற்றுப் புதனன்று நாங்களே வாசிக்கும் மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில், வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரிய வேண்டாம் என்கிறார் ஆண்டவர்.

மறைப்பதெல்லாம் புண்ணியம் என்றும் எண்ணிவிட வேண்டாம். அனனியாவும் சப்பிராவும் மறைத்தார்கள். அவர்கள் கதி தெரியும். தம்பி மருத்துவச் செலவுக்குக் கேட்கும்போது "நம்மிடம் ஏது?" என்று கைவிரிப்பதற்கு எளிமை என்று பெயர் வைக்க முடியாது.

நாம் பங்குப்பணி செய்த ஓர் ஊரில் ஒரு பெரியவர் இருந்தார். ஊர்ப் பெயர் வேண்டாம், சொன்னால் கண்டுபிடித்துவிடுவீர்கள். தேய்ந்த ரப்பர் செருப்பு, பழைய சைக்கிள். ஒவ்வொரு ஜூன் மாதமும் பள்ளி திறக்கும் வேளையில், செய்தித்தாளில் மடித்த பணத்தைக் கொண்டுவந்து கொடுப்பார். கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகளுக்காக. வீட்டிலுள்ளவர்கள் உட்பட எவருக்கும் தெரியக்கூடாது என்பது அவர் வைத்த ஒரே நிபந்தனை. வீட்டாரிடம்கூட மறைத்தது சரிதானா என்ற கேள்வி நமக்கு இன்றுவரை தீரவில்லை. ஆனாலும் வாக்குக் கொடுத்துவிட்டோம்.

அவர் இறந்த அன்று கல்லறைத் தோட்டத்தில் மூத்த மகன் அருகில் வந்து, "அப்பா கடைசிவரை ஒரு நல்ல செருப்புகூட வாங்கலை சாமி. ஊரெல்லாம் கஞ்சன்னு சொல்லுது" என்று மெல்லிய குரலில் சொன்னார். குழியில் மண் போட வரிசை நின்றது. அதில் ஓர் இளம்பெண், இப்போது செவிலியர். அவள் படித்தது யார் பணத்தில் என்று அவளுக்குத் தெரியாது. பக்கத்துத் தெருத் தாத்தா என்றுதான் வந்திருந்தாள்.

சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. மகனுடைய தோளைப் பிடித்துக்கொண்டு, வரிசை முடியும்வரை நின்றுவிட்டு வந்தோம்.