கிணறும் குப்பையும் ஒரே வளவில்



1990 இல் வலிகாமம் வடக்கை விட்டுச் சென்ற குடும்பங்கள் தங்கள் சொந்த வளவுகளுக்குத் திரும்பி வருகின்றன. முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலர் பொதுத் தாங்கியிலும் பவுசரிலும் வந்த தண்ணீரையே பாவித்தவர்கள். இனிக் குடிக்கும் தண்ணீரும் வீட்டுக் குப்பையும் ஒரே வளவுக்குள் இருக்கப் போகின்றன. அதனால் இரண்டையும் சேர்த்தே பேசுவோம்.

குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழை, சுண்ணக்கல் வெடிப்புகளுக்குள் இறங்கி, உவர்நீருக்கு மேலே நன்னீராகத் தங்குகிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதனால்தான். மோட்டர் போட்டு அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலே ஏறிவிடும்.

சுண்ணக்கல் தண்ணீரை விரைவாக உள்ளே விடும். அழுக்கை நன்றாக வடிகட்டாது. மலசலகூடக் குழியின் கழிவும், தோட்டத்துக்குப் போடும் யூரியாவும் நைத்திரேற்றாகக் கிணற்றை அடையும். கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும், நைத்திரேற்று போகாது. அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டு செல்லும் ஆற்றல் குறையும். ஆகவே மலசலகூடக் குழியைக் கிணற்றிலிருந்து 30 மீற்றருக்கு, அதாவது ஏறக்குறைய 100 அடிக்கு, அப்பால் அமையுங்கள். உங்கள் கிணற்றை மட்டுமல்ல, அயல் வீட்டுக் கிணற்றையும் பார்த்து இடம் தெரிவு செய்யுங்கள். காணி சிறிதென்றால் கசியாத தொட்டி கட்டுவது பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

நெடுநாள் பாவிக்காத கிணற்றுக்குள் இறங்க வேண்டாம். உள்ளே மூச்செடுக்கக் காற்று இல்லாமல் இருக்கலாம், வெடிபொருட்களும் கிடக்கலாம். சோதித்து, இறைத்து, குளோரின் இட்ட பின்னரே அந்தத் தண்ணீரைப் பாவியுங்கள்.

இனிக் குப்பை. மிதிவெடி அகற்றப்பட்டதென உறுதி செய்யாத நிலத்தில் கிடங்கு வெட்டவோ, பற்றைக்கும் குப்பைக்கும் நெருப்பு வைக்கவோ கூடாது. மண்ணுக்குள் கிடப்பது சூட்டில் வெடிக்கும்.

பாதுகாப்பான நிலத்திலும் குப்பையை மூன்றாகப் பிரியுங்கள். மரக்கறிக் கழிவையும் இலைகுழையையும் சாணத்தோடு சேர்த்து மக்கவிட்டால் பசளையாகும். யூரியாச் செலவும் குறையும். போத்தல், தகரம், பிளாஸ்ரிக் ஆகியவற்றைக் கழுவிச் சேர்த்து, பழைய சாமான் வாங்குபவருக்கோ பிரதேச சபைக்கோ கொடுங்கள். பற்றரி, பூச்சிமருந்துப் போத்தல் போன்றவற்றைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் தனியே வையுங்கள். ஒருபோதும் கிணற்றடியில் புதைக்க வேண்டாம். பொலித்தீனை எரித்தால் வரும் நச்சுப்புகை முதலில் உங்கள் வீட்டுக்குள்தான் வரும். சிரட்டை, ரயர், யோகட் கப் ஆகியவற்றில் மழைநீர் தேங்கினால், ஒன்றரை வாரத்துக்குள் டெங்கு நுளம்பு பறக்கத் தொடங்கும். கிழமைக்கு ஒருமுறை வளவைச் சுற்றிப் பார்த்து அவற்றைக் கவிழ்த்துவிடுவது பிள்ளைகளின் வேலையாக இருக்கட்டும்.

பாடசாலையில் காலநிலை மாற்றம் பற்றிப் படிக்கிறீர்கள். நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் காபனீரொட்சைட்டு கூடி, பூமி சூடாகிறது. சூடான காற்று கூடுதலான நீராவியைத் தாங்குவதால், மழை பெய்யும்போது கொட்டித் தீர்க்கும். கடல் மட்டமும் உயர்கிறது. ஒரேயடியாகக் கொட்டும் மழையில் பெரும்பகுதி நிலத்துக்குள் இறங்காமல் கடலுக்கு ஓடிவிடும். உயரும் கடல் உவரைக் கரைக்கு உள்ளே தள்ளும். இரண்டாலும் பாதிக்கப்படுவது எங்கள் கிணறுதான்.

உலகத்தின் புகையை நாங்கள் தனியே நிறுத்த முடியாது. ஆனால் மாரிக்கு முன்னர் ஊர்க் குளத்தையும் கேணியையும் தூர்வாரலாம். கூரைநீரைத் தொட்டியில் பிடிக்கலாம். முற்றம் முழுவதும் சீமெந்து போடாமல் மண்ணாக விடலாம். வேலியோரம் பனங்கொட்டை ஊன்றலாம். வருகிற மாரி உங்கள் வளவில் நீங்கள் காணும் முதல் மாரி. அதற்கு முன் இவற்றில் இரண்டையாவது தொடங்குங்கள்.