வெள்ளை நாயும் கேளாத காதும்

(வானொலி வேளாண் நிகழ்ச்சியில் ஒலிபரப்பான பேச்சு)

இன்றைக்கு ஆடு மாடுகளைப் பற்றிப் பேச வரவில்லை. அவற்றைக் காவல் காக்கிற நாயைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "நாய்க்கு என்னய்யா பேச்சு வேண்டிக் கிடக்கு, மிச்சச் சோத்தைப் போட்டா தானா வளருது" என்று எழுந்து போய்விடாதீர்கள். கொஞ்சம் கேளுங்கள்.

ஆட்டுப் பட்டி வைத்திருக்கிற ஒருவர், காவலுக்கென்று நல்ல விலை கொடுத்து ஒரு ராஜபாளையம் குட்டி வாங்கினார். பால் வெள்ளை. ஒரு பொட்டுக் கறை கிடையாது. வளர்ந்ததும் கன்றுக்குட்டி மாதிரி நின்றது. ஓர் இரவு பட்டியில் இரண்டு ஆடு களவு போயிற்று. நாயோ வாசலிலேயே படுத்துத் தூங்கியிருக்கிறது. மனுஷனுக்கு வந்த ஆத்திரத்தில் நாயைக் கட்டி வைத்து அடித்தார். தின்னுட்டுத் தூங்குற சோம்பேறி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். கொஞ்ச நாள் கழித்து, அது தூங்கும்போது பக்கத்திலே ஒரு தகர டின் விழுந்து உருண்டது. தெருவே திரும்பிப் பார்த்தது. நாய் காதைக்கூட அசைக்கவில்லை. அப்போதுதான் விஷயம் விளங்கிற்று. அந்த நாய்க்குப் பிறவியிலேயே காது கேட்காது. அடி வாங்கினதுதான் மிச்சம்.

நாயின் நிறத்துக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இருக்கிறது.

குட்டி தாய் வயிற்றில் கருவாக இருக்கும்போது, நிறத்தைத் தருகிற உயிரணுக்கள் முதுகுப் பக்கத்தில் தோன்றுகின்றன. அங்கிருந்து இரண்டு பக்கமும் இறங்கி உடம்பெல்லாம் பரவுகின்றன. தலைமடையில் திறந்துவிட்ட தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேருகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குறைந்தால் எது காயும்? கடைமடைதான். பல நாய்களுக்கு நெஞ்சும் பாதமும் வால் நுனியும் மட்டும் வெள்ளையாக இருப்பது இதனால்தான். பரம்பரைக் குணத்தால் இந்த அணுக்கள் இன்னும் குறைந்துபோனால் உடம்பு முழுவதுமே வெள்ளையாகிறது.

இதே அணுக்கள் காதுக்குள்ளேயும் போய்ச் சேரவேண்டும். உட்காதில் ஒரு மெல்லிய இரத்தக்குழாய்ப் பட்டை இருக்கிறது. அது உயிரோடு இருக்க இந்த அணுக்கள் வேண்டும். அவை வராவிட்டால், குட்டி பிறந்து மூன்று நான்கு வாரத்துக்குள் அந்தப் பட்டை வாடிப்போகும். ஒலியை உணர்கிற அணுக்களும் செத்துப்போகும். அதன் பிறகு எந்த மருந்தாலும் திரும்பாது. சில குட்டிக்கு இரண்டு காதும் போகும், சிலதுக்கு ஒன்று மட்டும். கண்ணுக்கும் அணுக்கள் போய்ச் சேராவிட்டால் அது நீலக்கண் ஆகும். நீலக்கண் குட்டி அழகுதான். ஆனால் அதன் காதைப் பற்றிச் சந்தேகப்படுங்கள்.

வெள்ளை நாய் எல்லாமே செவிடு என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். நன்றாகக் கேட்கிற வெள்ளை நாய்கள் எத்தனையோ உண்டு. வாய்ப்பு கூடுதல் என்பதுதான் கணக்கு. புள்ளி புள்ளியாக இருக்கிற டால்மேஷன் நாயைச் சிலர் பார்த்திருப்பீர்கள். அதுவும் அடிப்படையில் வெள்ளை நாய்தான். பிறக்கும்போது வெள்ளையாகப் பிறந்து, பத்துப் பதினைந்து நாளில் புள்ளி தெரிய ஆரம்பிக்கும். அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான டால்மேஷன்களைச் சோதித்ததில், 100க்கு ஏறத்தாழ 22 நாய்க்கு ஒரு காதும், 8 நாய்க்கு இரண்டு காதும் கேட்கவில்லை. இதிலே கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. பிறக்கும்போதே பெரிய கறுப்புத் திட்டோடு பிறந்த குட்டிகளிடம் செவிடு குறைவு. ஆனால் கண்காட்சியில் அந்தத் திட்டைத்தான் குறை என்று தள்ளுகிறார்கள்!

நம் பக்கமும் அதே கதைதான். ராஜபாளையம் ஈற்றில் திட்டோடு ஒரு குட்டி விழுந்தால், கலப்பு என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கொன்று போடுகிறவர்களும் உண்டு. கடைமடை வரை தண்ணீர் பாய்ந்த வயலை அழித்துவிட்டு, காய்ந்த வயலில் விதைக்கு நெல் எடுக்கிற வேலை இது. 2005ஆம் ஆண்டில் தபால்தலையில் இடம் பிடித்த இனம் ஐயா அது!

இன்னொரு வகையும் இப்போது வெளிநாட்டு இனங்களோடு வருகிறது. சாம்பல் நிறத்தின்மேல் கருந்திட்டு தெறித்தாற்போல் இருக்கும். அதை மெர்ல் என்கிறார்கள். அதற்குக் காரணமான மரபணுவை 2006இல் கண்டுபிடித்தார்கள். அப்பனிடமிருந்து ஒரு விதை, ஆத்தாளிடமிருந்து ஒரு விதை சேர்ந்துதான் குட்டி. மெர்ல் விதை ஒன்று மட்டும் வந்தால் அந்த அழகு நிறம். மெர்லையும் மெர்லையும் சேர்த்தால், சராசரியாக நாலில் ஒரு குட்டிக்கு இரண்டு விதையும் வந்துவிடும். அந்தக் குட்டி பெரும்பாலும் வெள்ளையாக இருக்கும். செவிடாகவோ, கண் சிறுத்துக் குருடாகவோ ஆகக்கூடும். மெர்லைச் சாதாரண நிறத்தோடு சேர்த்தால் இந்தத் தொல்லையே இல்லை. பாதி மெர்ல், பாதி சாதாரணம். அழகுக் குட்டி அதிகம் வேண்டும் என்கிற பேராசையில் இரண்டு மெர்லைச் சேர்க்கிறவர் பாவத்தைக் கட்டிக்கொள்கிறார் என்பேன் நான்.

வீட்டிலேயே காதைச் சோதிக்கலாம். குட்டிக்கு ஐந்து ஆறு வாரம் ஆகட்டும். கூட்டத்தில் வைத்துப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். மற்றக் குட்டிகள் எழுந்தால் செவிட்டுக் குட்டியும் பார்த்து எழுந்துவிடும். தனியே பிரித்து, தூங்கவிட்டு, பின்னாலிருந்து சாவிக்கொத்தை ஆட்டுங்கள், இல்லை விசில் ஊதுங்கள். தரையை மிதிக்காதீர்கள், நிழல் விழக்கூடாது, காற்றும் அதன்மேல் படக்கூடாது. ஒரு தடவை போதாது. வேறு வேறு நாளில் நாலைந்து தடவை செய்யுங்கள். விளையாட்டில் மற்றக் குட்டி வீலென்று கத்தியும் கடியை விடாத குட்டி மேலும் ஒரு கண் வையுங்கள். ஒரு காது மட்டும் போனதை இப்படி நிச்சயமாகச் சொல்ல முடியாது. மூளைக்குப் போகிற மின்துடிப்பைப் பதிவு செய்கிற கருவியில்தான் தெரியும். கூப்பிட்டால் எந்தப் பக்கம் என்று தெரியாமல் திண்டாடுகிற நாய் என்றால், கால்நடை மருத்துவரைக் கேளுங்கள்.

இனி, ஈற்றுக்கு விடும்போது. செவிட்டு நாயை, ஒரு காது போனதானாலும் சரி, இனப்பெருக்கத்துக்கு விடவேண்டாம். நன்றாகக் கேட்கிற ஜோடிதான், ஆனாலும் ஈற்றுக்கு ஈற்று செவிட்டுக் குட்டி விழுகிறது என்றால் அந்த ஜோடியைப் பிரியுங்கள். அண்ணன் தங்கை, அப்பன் மகள் என்று சேர்ப்பதை விட்டுவிடுங்கள். ஒளிந்திருக்கிற கெட்ட விதைகள் அங்கேதான் ஒன்றுசேருகின்றன. ஒரு நோட்டில் ஈன்ற தேதி, ஒவ்வொரு குட்டியின் நிறம், கண் நிறம், காது எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். பால் கணக்கு எழுதுகிறவர்களுக்கு இது பெரிய காரியமா?

நேயர் ஒருவர் கேட்டிருந்தார்: "என் செவலைப் பெட்டையைச் செவலைக் கடுவனோடுதான் விட்டேன். கருப்பில் செம்புருவம் வைத்த குட்டி எப்படி வந்தது? அடுத்த வீட்டு நாய் வேலையா?" அவசரப்பட்டுச் சண்டைக்குப் போகாதீர்கள். செவலைக்குள் அந்த நிறம் தலைமுறை கணக்கில் ஒளிந்து கிடக்கும். இரண்டு பக்கமும் ஒளிந்திருந்து சேர்ந்தால் வெளியே வரும். ஆனால் ஒரே ஈற்றில் இரண்டு அப்பன் இருப்பதும் நடக்கிற காரியம்தான். ஆகவே பெட்டை பருவத்துக்கு வந்தால் மூன்று வாரம் கட்டுக்குள் வையுங்கள்.

ஆட்டுக்காரர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். அந்த நாயை அவர் விற்கவில்லை. வேலி போட்ட வீட்டு முற்றத்தில் வைத்திருக்கிறார். கையை உயர்த்தினால் உட்காருகிறது. தரையைத் தட்டினால் அதிர்வில் விழித்துக்கொள்கிறது. குடும்பக் கட்டுப்பாடும் செய்துவிட்டார். பட்டிக்கு இப்போது வேறொரு குட்டி, ஒரு காதில் பழுப்புத் திட்டு. யாரோ வேண்டாமென்று ஒதுக்கினது. இருட்டில் இலை விழுந்தாலும் குரைக்கிறது என்று அலுத்துக்கொள்கிறார்.