வெற்றியை அளக்கும் கோல்



போர்க்களத்திலே ஆயிரம் யானைகளை வென்ற வீரன்மீது பாடப்படுவது பரணி என்று பாட்டியல் நூல்கள் இலக்கணம் சொல்லும். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது யானைகளை வென்றவனுக்குப் பரணி இல்லையா என்று வகுப்பிலே மாணவர் கேட்பதுண்டு. சிரித்துத் தள்ளக்கூடிய கேள்வியன்று அது. போரின் பயனை எதைக்கொண்டு அளப்பது என்பதே அதனுள் இருக்கும் வினா.

எண்ணுவது எளிது. எதை எண்ணுவது என்பதுதான் கடினம். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியர் தங்கள் வணிகக் கப்பல்களில் விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளைப் பொருத்தினர். தாக்கவந்த விமானங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 4 மட்டுமே வீழ்ந்தன. இந்தச் செலவு வீண், கழற்றிவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. கணக்கை ஆராய்ந்தவர்கள் வேறொன்றைப் பார்த்தனர். தாக்கப்பட்ட கப்பல்களில், துப்பாக்கியால் எதிர்த்துச் சுட்டவற்றுள் நூற்றுக்கு 10 மூழ்கின. சுடாதவற்றுள் 25 மூழ்கின. துப்பாக்கி வைத்தது விமானத்தை வீழ்த்தவா, கப்பலைக் காக்கவா? கோலை மாற்றியதும் விடையும் மாறிவிட்டது.

ஓலைத்தொடுவாய்க் கரையிலே வலை இழுத்துவரும் ஒருவரிடம் இன்றைக்கு எப்படி என்று கேட்டுப் பாருங்கள். எத்தனை பாகம் வலை விட்டேன் என்று அவர் சொல்லமாட்டார். என்ன மீன் பட்டது என்றே சொல்லுவார்.

வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்திலே நான்கு வலிகளைத் தூக்கிப் பார்க்கச் சொல்கிறார்: வினையின் வலி, தன் வலி, மாற்றான் வலி, இரு பக்கத்துத் துணைவர் வலி. படையின் தொகை பின்னர்தான் வருகிறது. வினை முன்னே நிற்கிறது. எதற்காக இந்த வினை என்ற கேள்வியும் அதனுள் அடங்கும் என்பது என் வாசிப்பு.

நம் நாட்டிலே 1997 மே 13 அன்று 'ஜயசிக்குறு' நடவடிக்கை தொடங்கியது. வெற்றி நிச்சயம் என்பது அச்சொல்லின் பொருள். அளக்குமுன்னரே விடையைப் பெயராகச் சூட்டிவிட்டார்கள்! யாழ்ப்பாணத்துக்குத் தரைவழிப் பாதை திறப்பதே நோக்கம். ஆனால் செய்திகளில் வந்தவை முன்னேறிய கிலோமீற்றர்களும் மாண்டவர் தொகையும். மறுதரப்பும் தன் கணக்கைத் தனியே வாசித்தது. 1998 டிசம்பரில் நடவடிக்கை கைவிடப்பட்டது. ஒன்றரை வருடத்துக்கு மேலாகப் பிடித்த நிலத்தின் பெரும்பகுதி 1999 நவம்பரில் சில நாட்களுக்குள் கைமாறியது. ஏ-9 வீதியாற் சனங்கள் போய்வந்தது 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின்னர்தான். கிலோமீற்றர்க் கணக்கு பொய்யென்று நான் சொல்லவில்லை. அது பாதையை அளக்கவில்லை.

எங்கள் தீவின் கணக்கு அந்த அறிக்கைகளில் எந்த வரியிலும் வரவில்லை. இக்கரையிலிருந்து இரவோடிரவாக வள்ளமேறி இராமேசுவரம் போனவர்கள், 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட எருக்கலம்பிட்டி முஸ்லிம் மக்கள், அதே ஆண்டில் நின்று 2015இலே திரும்பிவந்த தலைமன்னார் இரயில். இவற்றை எந்த நிரலில் எழுதுவது?

எழுதிய புலவர் ஒருவர் இருந்தார். நலங்கிள்ளி ஆவூரை முற்றுகையிட்டபோது, கோட்டையை அடைத்து உள்ளேயிருந்த நெடுங்கிள்ளியிடம் கோவூர்கிழார் சென்றார். வாளையும் வேலையும் அவர் எண்ணவில்லை. தீனியின்றி வருந்தும் யானை, பாலின்றி அலறும் குழந்தை, பூவில்லாத கூந்தலை முடிக்கும் பெண்கள், இவற்றையே எண்ணிச் சொன்னார். அறவழி நிற்பாயானால் உனதே என்று கதவைத் திறந்துவிடு, மறவழியானால் போருக்குத் திற, அடைத்துக்கொண்டு இருப்பது நாணத்தக்கது என்றார். பின்னர் உறையூர் முற்றுகையிலே அந்த இருவரையும் பார்த்து, இருவர் அணிந்திருப்பதும் ஆத்திமாலையே, எவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்றார்.

புறநானூற்றில் 44ஆம், 45ஆம் பாடல்கள் அவை. நேயர்கள் எடுத்துப் படித்துப் பார்க்கவேண்டும்.